இருபுறமும் பேசாத தொண்ணூறு வினாடி

14 ஜூன் 2004, திங்கள்

பெட்டி வந்து இன்றோடு இரண்டு மாதம். ஓசூர் ஆலைக்கும் கிருஷ்ணகிரி யூனிட்டுக்கும் நடுவே நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் டெலிபோன் லைன் ஒன்றுதான். முன்பு அதில் ஒரே ஒரு பேச்சு போகும். இப்போது நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசலாம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. குரலைச் சுருக்கி அனுப்பும், வந்ததை விரிக்கும்.

சுருக்குவது என்றால் மடிப்பது இல்லை. பேசுகிறவரின் குரல் அப்படியே போவதில்லை; அந்தக் குரலை எப்படித் திரும்பச் செய்வது என்ற குறிப்பு மட்டும் போகிறது. மறுமுனைப் பெட்டி அதைப் பார்த்துக் குரலைச் செய்துகொள்கிறது. ஆக, கிருஷ்ணகிரி மேனேஜர் நாராயணப்பன் கத்துவது எனக்கு வந்து சேருவதில்லை, அந்தக் கத்தலின் சமையல் குறிப்புதான் வருகிறது. அதுவே போதுமான காரமாக இருக்கிறது.

இன்னொன்று, யாரும் பேசாத நேரத்தைப் பெட்டி அனுப்புவதே இல்லை. ஆனால் முழு நிசப்தம் கேட்டால் லைன் செத்துவிட்டதென்று ஆட்கள் 'ஹலோ ஹலோ' என்று அலறுவார்கள். அதற்காகக் கேட்பவர் காதில் மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தானே உண்டாக்கிப் போடுகிறது. பொய்யான இரைச்சல். அதைக் கேட்டால் மனசுக்குத் தெம்பாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்!

முதல் வாரமே கிருஷ்ணகிரியில் யாரோ ரிசீவரைச் சரியாக வைக்காமல் போய், நான்கு வழியில் ஒன்று சாயங்காலம் வரை அடைபட்டுக் கிடந்தது. அதன்பின் ஒரு விதி போட்டேன். இரு பக்கமும் தொண்ணூறு வினாடி குரல் இல்லையென்றால் பெட்டியே இணைப்பை முடித்துவிடும். அடைப்பு நின்றது. இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இப்போது கொஞ்சம் வருகிறது.

29 ஜூன், செவ்வாய்

கிருஷ்ணகிரியில் அசெம்பிளி லைன் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. ரப்பர் சீல் தீர்ந்துபோயிற்று. மூன்று மணி வேனில் வருகிறதா என்று கேட்க அங்கே போன் பார்க்கும் பொற்கொடி இங்கே ஸ்டோர்ஸுக்குப் பேசியிருக்கிறாள். ஸ்டோர்ஸ் முனீர் அகமது பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தால் போன் கட். வேன் சீல் இல்லாமல் கிளம்பிவிட்டது.

முனீர் என் அறைக்கே வந்து கத்தினார். "ஏணி வெச்சு ரேக்ல ஏறி எறங்கி வரேன் மேடம், இந்த வயசுல. வந்து பாத்தா போன வெச்சுட்டு போயிடுச்சு அந்தப் பொண்ணு! இது மொத தடவயா? வாரத்துக்கு நாலு தடவ!"

நாராயணப்பன் எழுத்தில் கேட்டிருக்கிறார். பெட்டியில் கோளாறா, ஆளிடம் கோளாறா?

1 ஜூலை, வியாழன்

பெட்டியின் இரண்டு மாத அழைப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பொற்கொடியின் அழைப்புகளில் பத்தொன்பது நடுவில் அறுந்திருக்கின்றன. வேறு யாருடையதும் அறவில்லை. பத்தொன்பதிலும் முடித்தது கிருஷ்ணகிரி பக்கம் என்றே பதிவு சொல்கிறது. முடித்த காரணம்: வழக்கமானது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'கருவியில் குறை எதுவும் இல்லை. இணைப்புகள் கிருஷ்ணகிரி முனையில் முடிக்கப்பட்டுள்ளன.' கையெழுத்து, தேதி. பத்து நிமிட வேலை.

2 ஜூலை, வெள்ளி

பொற்கொடிக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அவள் காண்ட்ராக்டில் இருப்பவள். இந்த மாதம் முப்பத்தொன்றோடு காண்ட்ராக்ட் முடிகிறது. மெமோ இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள்.

மதியம் எனக்குப் போன் செய்தாள். அஞ்செட்டிப் பக்கத்துப் பெண் என்று கேள்வி, பார்த்ததில்லை. குரல் தணிந்துதான் வந்தது.

"தமிழ்செல்வி மேடங்களா? நான் போன வெக்கல மேடம்."

பதிவு அப்படிச் சொல்லவில்லையே என்றேன்.

"நான் ஏன் மேடம் வெக்கப் போறேன்? வெச்சா மறுபடியும் நானேதான அடிக்கணும்? அடிச்சா அங்க எங்கேஜ்டு. அப்பறம் வேன் போயிடும். அப்பறம் இங்க சார்கிட்ட பாட்டு வாங்கணும். எனக்கென்ன ஆசையா?"

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாட்டிக்கொண்ட எல்லாரும் பேசுகிற மாதிரிதானே பேசுகிறாள்?

7 ஜூலை, புதன்

மழை. 'வெச்சா மறுபடியும் நானேதான அடிக்கணும்?' இது ஒரு வாதம். நல்ல வாதமும்கூட. வகுப்பில் ஒரு மாணவி சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆசிரியர் வேலையை விட்டு இருபது வருடம் ஆகிறது, ஆனாலும் புத்தி மதிப்பெண்ணில்தான் நிற்கிறது.

10 ஜூலை, சனி

இவர் மத்திகிரி கால்நடைப் பண்ணையிலிருந்து சாணி மிதித்த பூட்ஸோடு வீட்டுக்குள் வந்தார். திட்டினேன். சாப்பிடும்போது பத்தொன்பது அழைப்பைப் பற்றி என்னையறியாமல் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"நீ போய் பாத்தியா?"

"பதிவு இருக்கே."

"நான் இத்தன வருசத்துல ரிஜிஸ்டர பாத்து ஒரு மாட்டுக்குக்கூட ஊசி போட்டதில்லம்மா" என்றார். அவருடைய நகைச்சுவை எனக்கு எப்போதுமே ஒத்துவராது. ஆனால் திங்கள்கிழமை கிருஷ்ணகிரி போகிறேன்.

12 ஜூலை, திங்கள்

காலையிலிருந்து பொற்கொடி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். முப்பது வயது இருக்கும். கண்ணாடி அறை. கதவைச் சாத்தினால் வெளியே தகடு அழுத்தும் பிரஸ் ஓடுவது கேட்காது, பாதத்தில் அதிர்வு மட்டும் தெரியும். நான் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. டீ வந்தது. 'எடுத்துக்கோங்க' என்றதோடு சரி.

பதினொன்றேகாலுக்கு ஸ்டோர்ஸுக்குப் பேசினாள். ஏதோ ஸ்பிரிங் இருக்கிறதா என்று. கேட்க மட்டும் உதவும் இரண்டாவது ரிசீவரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். முனீர், "ஒரு நிமிசம் லைன்ல இரும்மா, பாத்துட்டு வரேன்" என்றார். ஹோல்டில் போடவில்லை. 'டொக்' என்று ரிசீவர் எதன் மேலோ வைக்கப்படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பெட்டி போடுகிற அந்தப் பொய் இரைச்சல் மட்டும்.

பொற்கொடி ரிசீவரின் பேசும் முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

ஏன் என்று கண்ணால் கேட்டேன். "இங்க யாராச்சும் கதவத் தொறந்தா சத்தம் போகுது மேடம். 'அங்க என்னம்மா சந்தையா?'ன்னு அவரு திட்டுவாரு. அதனால அவரு வர்ற வரைக்கும் பொத்திக்குவேன்."

சுவரில் கடிகாரம். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ மனதில் தட்டிவிட்டது, ஆனால் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று.

அறுந்தது.

அவள் உடனே மறுபடி அழைத்தாள். எங்கேஜ்டு. முனீரின் ரிசீவர்தான் மேசையில் திறந்து கிடக்கிறதே! என்னைப் பார்த்தாள். 'பாத்தீங்களா' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

13 ஜூலை, செவ்வாய்

ஸ்டோர்ஸுக்குப் போனேன். முனீரின் மேசையில் எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணி ஒரு குவியல். ரிசீவரைக் குப்புற அதன் மேல்தான் வைக்கிறார், மெத்தையில் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல. ஹோல்டு பட்டனை ஏன் அமுக்குவதில்லை என்று கேட்டேன்.

"அதயா? பழைய எக்ஸ்சேஞ்சுல அத அமுக்கினா ஆளே காணாம போயிடுவான் மேடம். ஸ்டோர்ஸ்ல ஒருத்தனும் அதத் தொடமாட்டான். துணி மேல வெச்சா சேஃப்."

ஆக, ஒரு பக்கம் பனியன் துணி, மறுபக்கம் உள்ளங்கை. இருவரும் லைனில்தான் இருக்கிறார்கள், ஒருவருக்காக ஒருவர். பெட்டி இருபுறமும் கேட்டுப் பார்க்கிறது. குரல் இல்லை. தொண்ணூறு வினாடியில் முடிக்கிறது. அழைப்பு அங்கிருந்து கிளம்புவதால் வினாடிக் கணக்கு முதலில் முடிவது கிருஷ்ணகிரிப் பெட்டியில், அதனால் பதிவிலும் கிருஷ்ணகிரி; பெட்டி முடித்தாலும் ஆள் வைத்தாலும் அது 'வழக்கமானது' என்றே எழுதும். மற்றவர்கள் பேசுவது இயந்திரங்கள் ஓடும் ஷாப்புக்குள்ளிருந்து. அங்கே பிரஸ் சத்தமே குரலாகக் கணக்காகிவிடும், அறவே அறாது.

பெட்டியைச் சோதித்தபோது என்ன செய்தோம்? நானும் என் பிரிவில் இருக்கும் ராஜேஷ்குமாரும் இரண்டு முனையில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை சொன்னோம். எதிரொலி இருக்கிறதா, சொல் தாமதமாக வருகிறதா, ஃபேக்ஸ் போகிறதா — எல்லாம் பார்த்தோம். காத்திருப்பதைச் சோதிக்கவில்லை. பேசாமல் இருப்பதும் போனில் ஒரு வேலை என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

என் விதி. என் கையெழுத்து.

14 ஜூலை, புதன்

ராஜேஷ்குமாரிடம் மட்டும் சொன்னேன். கெட்டிக்காரன். தொண்ணூறு வினாடியை இருபது நிமிடமாக மாற்றினோம். அரை நிமிட வேலை.

"அவ்ளோதான் மேடம், இனிமே கட் ஆகாது. ரிப்போர்ட்லாம் எதுக்கு? அந்தப் பொண்ணு திருந்திடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. நம்மள யாரும் கேக்க மாட்டாங்க."

தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. புனே ஆலைக்கும் இதே பெட்டி போடுவதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் முடிவாகும்.

16 ஜூலை, வெள்ளி

அறவில்லை.

21 ஜூலை, புதன்

நாராயணப்பன் போனில் உற்சாகமாக இருந்தார். "ஒரு வாரமா ஒரு கம்ப்ளைன்டு இல்ல பாத்தீங்களா? ஒரு மெமோ, எப்படி திருந்திட்டா! இதுங்களுக்கெல்லாம் பேப்பர்ல கொடுத்தாத்தான் பயம். என்ன பண்ணி என்ன, முப்பத்தொண்ணோட அனுப்பிடச் சொல்லிட்டேன். உங்க ரிப்போர்ட் நல்லா உதவிச்சு மேடம்."

நான் 'ம்' என்றேன். அந்த 'ம்' எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, கிருஷ்ணகிரியில் விரிந்து, அவர் காதில் சம்மதமாக விழுந்திருக்கும்.

அவளிடம் நேரில் போய்ச் சொல்லிவிடலாமா? சொல்லி? மன்னிப்புக் கேட்பது எனக்கு இன்னும் வசதி. அவளுக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை, முதல் தேதி வேலை.

25 ஜூலை, ஞாயிறு

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் 'எதிர்பாராத சூழல்' என்று வந்தது. இரண்டாவதில் 'பயனாளர் பழக்கவழக்கம்'. முனீர் தலையில் கட்டப் பார்க்கிறேனே! இருபது வருடம் இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை மற்றவர்கள் எழுதும்போது சிரித்திருக்கிறேன்.

26 ஜூலை, திங்கள்

கொடுத்துவிட்டேன். ஜெனரல் மேனேஜருக்கு, நகல் நாராயணப்பனுக்கு. பத்தொன்பது அழைப்பையும் அறுத்தது பெட்டி. அந்த விதியை வைத்தது நான். நேரில் பார்க்காமல் ஜூலை ஒன்றாம் தேதி அறிக்கை கொடுத்ததும் நான். விதி மாற்றப்பட்டது ஜூலை பதினாலு. பொற்கொடியின் மெமோவை ரத்து செய்து காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும்.

ஜி.எம். இரண்டு தடவை படித்தார். "இவ்ளோ டீடெயிலா எழுதணுமா மேடம்?" என்றார். எழுதணும் சார் என்றேன்.

30 ஜூலை, வெள்ளி

மெமோ ரத்து. காண்ட்ராக்ட் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பு. கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பொற்கொடி அதை மெதுவாகப் படித்தாள். கூட இணைத்திருந்த என் அறிக்கையையும். நன்றி சொல்வாளென்று எங்கோ ஒரு மூலையில் நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்படிச் சுருக்கென்றிருக்காது.

"பதினாலாந்தேதி மாத்திட்டீங்க. இருவத்தாறாந்தேதிதான் எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"பன்னெண்டு நாளு தெரிஞ்சே இருந்தீங்களா மேடம்?"

"ஆமா."

"நான் அந்தப் பன்னெண்டு நாளும் ஷிஃப்ட் முடிஞ்சதும் ஓசூர் தாண்டி ஜூஜுவாடியில வேல கேட்டு லோல்பட்டேன். போக ஒரு பஸ்ஸு, வர ஒரு பஸ்ஸு. ஒரு குடோன்ல எடுபிடிக்கு வரச் சொன்னாங்க."

அவள் போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். நான் வந்துவிட்டேன்.

6 ஆகஸ்ட், வெள்ளி

புனே வேலை ராஜேஷ்குமாருக்கு. கிருஷ்ணகிரி, ஓசூர் பெட்டிகளும் இனி அவன் பொறுப்பு. கடவுச்சொல்லை மாற்றிவிட்டான், மாற்றத்தான் வேண்டும். என்னிடம் உள்ளூர் எக்ஸ்சேஞ்சும் தொலைபேசிப் பட்டியலும். வருத்தமா? கொஞ்சம். பொய் சொல்வானேன், நிறைய.

இவர், "அப்ப இனிமே சாயந்தரம் சீக்கிரம் வருவ" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனுஷன்.

20 ஆகஸ்ட், வெள்ளி

பட்டியலில் நாற்பத்திரண்டு திருத்தம். மூன்று பேர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் எண்ணோடு இருக்கிறார்கள்.

9 செப்டம்பர், வியாழன்

மாலை நாலரைக்கு கிருஷ்ணகிரியிலிருந்து போன். பொற்கொடி. அன்றைக்குப் பின் இன்றுதான்.

"மேடம், ரெண்டு நாளா பெட்டி சொல்லோட மொத எழுத்த முழுங்குது. எல்லாருக்கும் இல்ல. மெதுவா பேசறவங்களுக்கு மட்டும்."

பெட்டிகள் ராஜேஷ்குமாரிடம் இருக்கின்றன, அவனிடம் சொல்லம்மா என்றேன்.

"சொன்னேன். அவரு வந்தாரு. பதிவ பாத்தாரு. எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டு போயிட்டாரு."

நான் என்ன செய்ய முடியும், எனக்குக் கடவுச்சொல்கூடத் தெரியாதே என்றேன்.

"தெரியும் மேடம். நீங்க ஒண்ணும் மாத்த வேணாம். ஒரு நாளு வந்து பக்கத்துல ஒக்காந்து கேளுங்க. அப்பறம் எழுதுங்க." வைக்கும் முன், "அன்னிக்கே எழுதிடுங்க" என்றாள்.

லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'. நாளை எட்டரை மணி பஸ்.