மஞ்சள் நூல் சிவந்தது

ஜூலை 6, ஞாயிறு

பிறக்கப்போகும் குழந்தைக்குக் குல்லா பின்னப் பருத்தி நூலை மஞ்சள்தூளில் கொதிக்கவிட்டு பால்கனியில் காயப்போட்டிருந்தேன். மதியம் நான் தூங்கி எழுவதற்குள் மாமியார் அதற்குத் துணி சோப்பு போட்டுவிட்டார். கேட்டுவிட்டுத் தொடக் கூடாதா? கத்தத்தான் போனேன்.

வாளியெல்லாம் சிவப்பு. அவர் நூலை வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். "லாரிப் புழுதியா கீதேன்னு அலசினேம்மா. ரத்தமாட்டம் ஆயிடுச்சே. ஏழாம் மாசத்துல இன்னா வேலை பண்ணி வெச்சிகிறேன் பாரு."

போன தடவை குழந்தை தங்காமல் போனது அவருக்கும் மறக்கவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா ஆரத்தி சிவக்குதில்ல, சோப்புக்கும் அப்படித்தான் அத்தே. எலுமிச்சை பிழிஞ்சா பழையபடி மஞ்சளாயிடும்."

எலுமிச்சம்பழத்தை எடுத்தவர், நறுக்காமல் திரும்ப வைத்தார்.

"ஆரத்தி கலருன்னா இப்டியே இருக்கட்டும். புள்ளய ஊட்டுக்குத் தூக்கினு வர சொல்லோ இந்தக் குல்லாவயே போட்டுடு."

குழந்தை வீட்டுக்கு வரும் என்று இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது இன்றுதான்.