சான்றுப் பொருள்: இடது கை

நாள் 212. காலை 06:10
செவ்வாய், மூன்றாம் சுரங்க முகாம், மருத்துவ அறை. பதிவு செய்பவர் நர்ஸ் நேசமலர்.
காற்றழுத்தம் சரி. நோயாளிகள் இல்லை. குளிர்பெட்டியில் இடது கை ஒன்று. என்னுடையது.
இருபத்தாறு நாளுக்கு முன், மூச்சுத் திணறிய தாசையனை வெளியிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். காற்று வீணாகிறதென்று மேலாளர் குலசேகரன் கதவை மூடினார். தாசையன் முழுசாக வந்தான். நான் வரவில்லை.
கையைச் சான்றுப் பொருளாகப் பத்திரப்படுத்தத் தலைமையகம் உத்தரவு. சரிபார்த்ததும் செயற்கைக் கை தருவார்களாம். அது வரும் கப்பலுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

நாள் 212. மதியம் 14:30
நான் இடக்கைக்காரி. கைராசிக்காரி என்று என்னிடம் ஊசி போட வரிசையில் நின்றவர்கள், இப்போது தலைவலி மாத்திரைக்குக்கூட வருவதில்லை. இன்று மேலாளர் ஒலிபெருக்கியில்:
"யாரும் தப்பா நெனைக்காதீங்க. ஒத்தக் கையால ஊசி போட வேணாம். சிஸ்டர் ரெஜிஸ்டர் மட்டும் எழுதட்டும்."
வலது கையால் ரப்பர் குழாயில் பழகியிருக்கிறேன். பத்துக்குப் பத்தும் சரியாக இறங்குகிறது. வந்து பார்க்க அந்த மகராசனுக்கு நேரமில்லை.

நாள் 214. காலை 09:05
குலசேகரனின் காலில் இரும்பு கிழித்து இரண்டு நாளாகிறதாம். என்னிடம் காட்டக் கௌரவம் விடவில்லை. இப்போது சுயநினைவில்லை, காய்ச்சல் நூற்றி நான்கு. எட்டு மணி நேரத்துக்கொரு ஊசி, ஆறு ஊசி போடாவிட்டால் ஆள் போய்விடுவார்.
அவசரப் பெட்டி மருந்து என் புண்ணுக்கே தீர்ந்தது. மீதி அலமாரியில். என் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தால்தான் திறக்கும். ஒரு திறப்புக்கு ஒரு குப்பி. உடைத்தால் மருந்து தானே அழியும். நர்சுகள் திருடுவார்கள் என்று இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவரே குலசேகரன்தான். தன் வினை தன்னைச் சுடும்.
விதியைத் தளர்த்தக் கேட்டு பூமிக்குச் செய்தி அனுப்பினேன்.

நாள் 214. காலை 09:52
தலைமையகம்: "விதியைத் தளர்த்த மேலாளரின் கையொப்பம் தேவை. கையொப்பமிடும்போது அவர் சுயநினைவுடன் இருத்தல் அவசியம்."
என் கையைத்தான் குளிர்பெட்டியில் வைத்தோம். இவர்கள் மூளையையே வைத்திருக்கிறார்கள்.

நாள் 214. காலை 10:40
குளிர்பெட்டியைத் திறந்து கையை எடுத்தேன். வெதுவெதுப்பான உப்புநீரில் இருபது நிமிடம். சுட்டுவிரலில் பழைய தையல் தழும்பு அப்படியே இருக்கிறது.
அலமாரி சொன்னது: "இரு கைகளும் சரி. வணக்கம், நேசமலர்."
அழுதேன். பிறகு வலது கையால் ஊசி போட்டேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

நாள் 215. மாலை 18:40
ஐந்தாவது திறப்பு. தோல் கழன்று வருகிறது. நாற்றம். என் கையை நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வேறு யார் பிடிப்பார்கள். கதவை மூடியவனுக்காக. இன்னும் ஒரு தடவை. தாங்கு. தாங்கு.

நாள் 216. காலை 07:20
மூன்றாம் முயற்சியில் ஆறாவதும் திறந்தது. அதன்பின் அது கையாக இல்லை. ஜெபம் சொல்லி எரித்தேன்.
காய்ச்சல் இறங்கிவிட்டது. குலசேகரன் படுக்கையிலிருந்தே ஒலிபெருக்கியில்:
"சிஸ்டரோட கைராசி எங்கயும் போகலப்பா!"
எந்தக் கை என்று கேட்கத் துப்பில்லை.

நாள் 216. காலை 08:05
தலைமையகம்: "நர்ஸ் நேசமலர் இரு கைகளாலும் ஆறு முறை அலமாரியைத் திறந்தது பதிவாகியுள்ளது. சான்றுப் பொருளும் இருப்பில் இல்லை. எனவே கையிழப்பு நிரூபணமாகவில்லை. செயற்கைக் கை நான்காம் முகாமுக்கு மாற்றப்பட்டது. நலமுடன் பணி தொடர வாழ்த்துகள்."
மறுப்புத் தெரிவிக்கலாமாம். அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். திரையில் வலது கையை வைத்தேன்.
"இடது கையையும் வைக்கவும்."
"இடது கையையும் வைக்கவும்."
"இடது