நீல மூடி டப்பாவில் இருப்பது டீத்தூள் இல்லை

என்னங்க,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பீரோ சாவி ஆணியில் தொங்குகிறது.

நாலு மணிக்கு உங்கள் அண்ணன் மறுபடி வருகிறார். இந்தத் தடவையாவது சிவப்பு மூடி டப்பாவிலிருந்து டீ போடுங்கள். நீல மூடியில் இருப்பது வடிகட்டிய டீச் சக்கை. என் பொம்மை ரயில் யார்டில் தண்டவாளத்தைச் சுற்றி மண்ணாகத் தூவுவதற்குப் பதினைந்து நாள் வெயிலில் காயவைத்துச் சேர்த்தது. நேற்று அதைக் கொதிக்கவைத்துத்தான் அவருக்குக் கொடுத்தீர்கள். அவரும் பாவம், "டீ கொஞ்சம் லைட்டா இருக்கு, உடம்புக்கு நல்லதுதான்" என்று முழுசாகக் குடித்தார்.

நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அவர் முன்னாலேயே "இந்த வயசுல உனக்கு எதுக்குடி பொம்மை ரயில்?" என்று கேட்டுவிட்டீர்கள்.

எதற்கோ ஒன்றுக்கு. யார்டு வரத்தான் போகிறது. இஸ்திரிப் பலகையில் மூன்று தடம் போட்டாயிற்று, தண்டவாளத்துக்கு அடியில் தீக்குச்சிக் கட்டைகளும் ஒட்டியாயிற்று. பழைய சாமான் கடை எஞ்சின் ஐந்து பெட்டிகளையும் தடம் மாற்றித் தள்ளுவதை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டுகிறேன். அதுவரை சட்டையை மேஜையில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: இன்றைய சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். குறைந்துபோனதை மறுபடி சேர்க்கவேண்டும்.

இன்னொன்று: சிக்னல் கேபின் வாசலில் அட்டையில் செய்த இரண்டு பேர் நிற்கிறார்கள். தொப்பை வைத்தவர் நீங்கள். நேற்றுக் கோபத்தில் பிடுங்கிப் போட்டேன், காலையில் எடுத்து என் பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன். இன்னும் ஒட்டவில்லை. கோந்து ஜன்னலில் இருக்கிறது.