பதினொரு வயதில் உரிமம் வாங்கியவள்

அர்பா மிஞ்ச்,
2017.

அன்பு மகள் பெஸாவித்துக்கு அப்பா எழுதுவது. கடவுள் தயவில் நானும் உன் அம்மாவும் சுகம், மினிபஸ்ஸும் சுகம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், இதை நீ பாதியில் வைக்க முடியாது. நீ கேட்ட சான்றும் இந்த உறைக்குள்ளேதான் இருக்கிறது, அவசரத்தில் கிழித்துவிடாதே.

அந்தக் கனடாக்காரர்கள் சொன்னதை நினைத்து நாங்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. உன் உரிமத்தில் நம் கணக்குப்படி 2010 என்று போட்டிருக்கிறது, பாஸ்போர்ட்டில் அவர்கள் கணக்குப்படி நீ பிறந்தது 1999, இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு இந்தப் பெண் பதினொரு வயதில் உரிமம் வாங்கியிருக்கிறாள், இது போலி என்று சொல்லிவிட்டார்களாமே. நம் ஆண்டு அவர்களுடையதற்கு ஏழெட்டு வருஷம் பின்னால் நடப்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது. “பதினோரு வயசுல அவளுக்குச் செருப்பு வார் மாட்டத் தெரியாது, இதுல மினிபஸ் வேற ஓட்டுனாளாமா” என்று உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தவள் அப்படியே அழவும் செய்தாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கார் இல்லாமல் முடியாது, உரிமத்தை மாற்றிக் கொடுக்காவிட்டால் வேலையே போய்விடும், அதுவரை பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று நீ சொன்னது அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

மறுநாளே, உன் உரிமம் போலியில்லை என்று சான்று வாங்க இங்கே உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண், “உரிமத்துக்குச் சொந்தக்காரங்க நேர்ல வரணும் ஐயா, பொண்ண வரச் சொல்லுங்க” என்றாள். வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன், அன்றைக்குக் கோபமே வரவில்லை மகளே. சட்டமே உன்னை வரச் சொல்கிறது, நான் என்ன செய்வது! வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா அன்று மாலையே ஒரு சிவப்புக் கோழி வாங்கி மாமரத்தடியில் கட்டிவிட்டாள், நீ வரும் நாளுக்குள் கொழுக்கட்டும் என்று. உன் போர்வையைத் துவைத்தாள், உலர்ந்ததும் மறுபடியும் துவைத்தாள். உனக்குப் போன் பண்ண வேண்டும், எப்படிச் சொல்லலாம் என்று நாங்கள் இருவரும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்குள் அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் வோர்க்கு இருக்கிறான் அல்லவா, அவன் ஒரு நாள் காலையில் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தான். விஷயத்தைக் கேட்டவன், “நேர்ல வரணும்னு எவ சொன்னா? பாப்பா கிளம்புறப்ப உங்க பேருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துச்சுல்ல, அத எடுத்துட்டு வாங்கண்ணே, மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்” என்றான். சேச்சாவுக்கு ஏறும் மேட்டில், நீ கற்றுக்கொள்ளும்போது எப்போதும் வண்டியை அணையவிடுவாயே, அதே வளைவில் என் வண்டியும் அணைந்துபோனது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள்.

வீட்டில் சொன்னேன். “பத்திரம் தொலஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. புள்ள ஒரு தடவ வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்” என்றாள் உன் அம்மா. எனக்கும் அதே ஆசைதான். காபி வறுத்தாள், முதல் சுற்று குடித்தோம், இரண்டாவது குடித்தோம். மூன்றாவது சுற்று ஆசீர்வாதத்துக்கு உரியது அல்லவா, அதை ஊற்றாமல் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “பனியில நிக்கிறா. போங்க” என்றாள். போனேன். வோர்க்கு சொன்னபடியே முடித்துக் கொடுத்தான். நம் கணக்கில் 2010, உங்கள் கணக்கில் 2017 என்று இரண்டையும் எழுதி முத்திரை குத்தியிருக்கிறான், இனி உன்னை யாரும் பதினொரு வயதுக்காரி என்று சொல்ல மாட்டார்கள்.

பனியில் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விடு. பழைய உரிமத்தை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். திருப்பித் தருவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார், அதில் இருக்கும் உன் முகம் அம்மாவுக்கு வேண்டுமாம். தராவிட்டால் சண்டை வேண்டாம். கோழியை அறுக்கவில்லை, இப்போது முட்டை போடுகிறது. சான்று கிடைத்ததே போதும் என்று உனக்காகச் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் நீ வந்திருக்கலாம் பெஸா. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

போகும் வழியெல்லாம் கடவுள் உன் கூடவே வரட்டும், நீ ஓட்டும் சக்கரம் ஒருவரையும் நோகச் செய்யாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை. இந்தக் கடிதத்தின் தலையில் இருக்கும் 2017 நம்முடையது, இப்போது நடப்பது. வோர்க்கு எழுதிய 2017ஓடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அந்த 2017இல் நீ ஸ்டியரிங் பிடித்தாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். இந்த 2017இல் நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் யார் யாரோ ஏறி இறங்குகிறார்கள், திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
திலாஹுன்