அப்பா பொறுக்கிய முத்து

1948 செப்டம்பர், சனிக்கிழமை இரவு.

அப்பாவுக்கு ரத்தப் புற்று. டாக்டர் கொடுக்கும் ஆர்சனிக் பாஷாணச் சொட்டு மருந்து வாயைப் புண்ணாக்கிவிட்டது. சோறு இறங்குவதில்லை. உடம்பு தேற முத்துப் பஸ்பம் சேர்க்கலாம் என்றார் வைத்தியர். சுண்ணாம்புச் சத்துதானே, இருக்கட்டும் என்று டாக்டரும் விட்டுவிட்டார்.

மாலையில், வீட்டில் சேர்த்து வைத்திருந்த முத்துக்களை அம்மா பஸ்பத்துக்காக அப்பாவின் கட்டிலில் கொட்டினாள். முத்துக் கடையில் காலமெல்லாம் தரம் பார்த்த விரல்கள் தாமாகவே பிரித்தன. நல்லவற்றை ஒதுக்கிவிட்டு, கோணலும் கறையுமான மூன்றை மட்டும் நீட்டினார்.

"இது போதும்ளா. அந்தப் பெரிசை பிலோமி கல்யாணத்துக்கு வையி. எனக்குப் போட்டா வீண்."

தங்கை பிலோமி சுவரைப் பார்த்து நின்றாள். சுட்டால் எல்லா முத்தும் ஒரே சுண்ணாம்புதான் என்று படித்திருக்கிறேன். அவர் முத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதும் புரிந்தது. அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அம்மா அந்தப் பெரிய முத்தை எடுத்து மருந்து இடிக்கும் கல்வத்தில் போட்டாள்.

"ஏளா, கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு?"

"ஆமா, பிடிச்சிட்டு. நீங்க பேசாம கெடங்க."

குழவியால் ஓங்கி இடித்தாள். முத்து வழுக்கித் தரையில் ஓடியது. எடுத்துப் போட்டு மறுபடியும் இடித்தாள். மறுபடியும் ஓடியது.

அப்பா கண்ணை மூடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"துணியில முடிஞ்சு அடி. நல்ல முத்து லேசுல உடையாது."

அம்மா முந்தானையில் முடிந்தாள்.