உன் எண்ணூறு சி.சி. காரின் முன் சீட்

என் அன்புச் சரோஜா,

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன் முகத்துக்கு நேரே சொல்ல வராத ஒன்றை இப்போது எழுதுகிறேன். குறுக்கே கேள்வி கேட்க மாட்டாய் என்ற தைரியம்தான்.

நீ அந்த எண்ணூறு சி.சி. காரை வாங்கிய நாளிலிருந்து எனக்குப் பொறாமை. கார் மேல் இல்லை, ஹமீதா மேல். இருபது வருடம் மாம்பலத்திலிருந்து உன்னோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கு வந்தவள் நான். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத கணக்கு டீச்சர் வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால், நோட்டுக் கட்டுகளோடு.

அவளுக்கு எஞ்சின் கதை பிடிக்கும். பனகல் பார்க் வருவதற்குள் நீ ஆரம்பித்துவிடுவாய். தறி செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனி, சைக்கிளில் மோட்டாரைப் பூட்டியது. பிறகு முந்நூற்று அறுபது சி.சி.யில் ஒரு குட்டிக் கார். இரண்டு ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும்.

"அப்புறம் மூணு சிலிண்டர் வந்துது" என்பாய்.

"நம்ம காரும் மூணுதானே டீச்சர்?" என்பாள் அவள். இரண்டு பேரும் பேசிச் சிரிக்கச் சிரிக்க, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜவுளிக்கடை போர்டுகளைப் படிப்பேன். மீதிக் கதை காதில் விழாது. பாதிப் பாடம் கேட்டுவிட்டு முழு விடை எழுதும் பிள்ளைகளை நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நானும் அப்படி ஒருத்தியானேன்.

அந்தச் சனிக்கிழமை ஹமீதா வரவில்லை. நந்தனத்தில் பெட்ரோல் போடச் சொல்லிவிட்டு நீ எதிரே டெலிபோன் பூத்துக்குப் போனாய். பக்கத்து ஸ்கூட்டருக்குப் பெட்ரோலோடு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் எஞ்சின் தெரியும் என்று உனக்குக் காட்ட ஆசை வந்தது.

"இதுக்கும் ஆயில் ஊத்துப்பா, தாராளமா."

"இன்னாம்மா, காருக்கா? ஸ்கூட்டருக்குத்தாம்மா ஊத்துவோம்."

"இது ஜப்பான் எஞ்சின், மூணு சிலிண்டர். ஆயில் இல்லாம ஓடாது. உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

முப்பது வருட வகுப்பறைக் குரல். பங்க் ஆள் ஊற்றிவிட்டார். வண்டி ஜோராக ஓடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கோட்டூர்புரம் பாலம் தாண்டுவதற்குள் பின்னால் ஒரே வெள்ளைப் புகை. இருமி இருமி நின்றுவிட்டது.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றி முகர்ந்தார். "யாரோ ஸ்கூட்டர் ஆயில் ஊத்திகீறாங்கம்மா. இது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியாச்சே." அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

முந்தின நாள் ஓட்டிப் பழக வண்டியை எடுத்துப் போனவள் ஹமீதா. திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அவளைக் கேட்டாய்.

"உன் மொபெட்டுன்னு நெனச்சு ஆயில் ஊத்திட்டியா?"

"நான் ஆயில் பக்கமே போகல டீச்சர்."

"தப்புப் பண்ணினா பரவாயில்ல ஹமீதா. பொய் சொல்லாதே."

திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து நான் தலையை நிமிர்த்தவில்லை. அன்று சாயங்காலம் முன் கதவை எனக்காகத் திறந்தாய். நாம் ரிட்டையரான பிறகும் அது என் இடமாகவே இருந்தது. அந்த மீதிக் கதையையும் ஒரு நாள் சொன்னாய்: அந்தக் கம்பெனி எப்போதோ நாலு ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது, ஆயில் தனியாக எஞ்சின் அடியில் இருக்கும், பெட்ரோலோடு சேராது. ஒன்றும் அறியாதவள் போலக் கேட்டுக்கொண்டேன்.

உன் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு ஹமீதா வந்தாள், சொந்த ஜென் காரை ஓட்டிக்கொண்டு. அதே ஜப்பான் கம்பெனியின் எஞ்சின்தான். இப்போது நாலு சிலிண்டர், அலுமினியம். அதை உன் படத்திடம் சொன்னாள், என்னிடம் இல்லை. பிறகு என்னைவிட அதிகமாக அழுதாள். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை, சரோஜா. இந்த மனசை என்ன செய்வது?

படியிறங்கும்போது கேட்டாள்: "கடைசி வரைக்கும் நான்தான் ஊத்தினேன்னு நெனச்சாங்களா அக்கா?"

"அதெல்லாம் அவ மறந்தே போயிட்டா" என்றேன். நீ மறந்தாயா?

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். ஊற்றச் சொன்னது நான் என்று சொல்வேன். வாசலிலேயே நிற்க வைத்தாலும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். அவள் பொய் சொல்லவில்லை. முதலில் உனக்குத் தெரியட்டும்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
விசாலம்