கண்டிக்குப் போன படம்

2024 மே 14, செவ்வாய்

நாவலப்பிட்டிக்கு மேலே இருக்கிற எங்கள் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து இனி ஸ்கேன் படங்கள் கணினி வழியாகவே கண்டிக்குப் போகும். அங்குள்ள பெரிய டொக்டர்மார் தங்கள் திரையில் பார்ப்பார்கள். பொறுப்பு, ஸ்கேன் எடுக்கிற என்னிடம். இன்று சோதனைக்கு அனுப்பியதெல்லாம் பாதியிலேயே நின்றுவிட்டது.

வீட்டில் அரூஸிடம் புலம்பினேன். "முந்தி மாதிரி அம்புலன்ஸில படத்தையும் குடுத்து உட்டா முடிஞ்சிதானே?" என்கிறார். புருஷனுக்கே விளங்கவில்லை என்றால் யாரிடம் சொல்ல?

மே 20, திங்கள்

போய்ச் சேர்ந்தது! கண்டியிலிருந்து போன் பண்ணிச் சொன்னார்கள். அறையில் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6, வியாழன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலை மழையில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து இளம் டீச்சர் இராஜகுமாரியின் தலையில் மரக்கிளை விழுந்து, நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். ஸ்கேனில், மூளையை அழுத்திக்கொண்டு இரத்தக்கட்டு. கண்டிக்குப் போகும் பாதையிலோ மண்சரிவு. எங்களிடம் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை. பொது சர்ஜன் ஜனகன் டொக்டர் மட்டும்தான்.

படங்களை அனுப்பினேன். இணைப்பு அறுந்தது. யா அல்லாஹ், இப்பவா! மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, இரத்தக்கட்டு தெரிகிற படங்களை மட்டும் முதலில் அனுப்பினேன்.

"போயிட்டுதோ மிஸ்?" ஜனகன் டொக்டர் கேட்டார்.

"போயிட்டு டொக்டர்! பாக்கிறாங்க!"

இரத்தத்தை வெளியே எடுக்க மண்டையோட்டில் எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்று கண்டி நிபுணர் படத்தைப் பார்த்தபடி போனில் சொன்னார். ஜனகன் டொக்டர் பயிற்சிக் காலத்துக்குப் பிறகு இதைச் செய்ததே இல்லை. "பயமாத்தான் கிடக்கு. ஆனா அவர் பாத்துக்கொண்டெல்லோ சொல்லுறார்" என்றபடி ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போனார்.

பின்னேரம் இராஜகுமாரி கண் திறந்தாள். டொக்டர் என் அறை வாசலில் வந்து நின்றார். "அந்தப் படம் அங்க போகாட்டி நான் கை வைச்சிருக்க மாட்டன், மிஸ்."

பெருமைப்படலாமா? படுகிறேன். நன்றாகவே படுகிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

கெலிஓயாவில் அரூஸ் தன் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் கதை சொல்கிறாராம். "எங்கட மஸீனா அனுப்பின படம்!"

ஜூலை 10, புதன்

இராஜகுமாரி மறு ஸ்கேனுக்கு நடந்தே வந்தாள். வழித்த இடத்தில் முடி முளைத்திருக்கிறது. படத்தைக் காட்டச் சொன்னாள். பார்த்ததும், கூட வந்த தன் புருஷனைத் திரைக்கு முன்னால் இழுத்தாள்.

"நல்லா பாத்துக்கங்க. எனக்கு மூளை இல்லேன்னு இனிமே சொல்லுவீங்களா?"

அவர் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரத்தக்கட்டின் சுவடே இல்லை என்று கண்டியிலிருந்து பதில் வந்தது. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.